ஒரு தேற்றத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்

எம்.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டுக்கு வந்ததும் பிள்ளைகள் கேட்கிற கேள்வி: "எந்த ஏரியாவில் பிஎச்.டி. பண்ணலாம்?" இதைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டுப் பாருங்கள். எந்தத் தேற்றத்தை அடிமுதல் நுனிவரை புரிந்துகொள்ள உங்களுக்கு ஆசை? ஏரியாவுக்குக் கரை கிடையாது. ஃபங்ஷனல் அனாலிசிஸ் என்று இறங்கினால் எங்கே நிறுத்துவதென்று தெரியாது. தேற்றத்துக்கு ஒரு கூற்று உண்டு, ஒரு நிரூபணம் உண்டு, அந்த நிரூபணம் கேட்கிற முன்னறிவு இவ்வளவுதான் என்ற கணக்கும் உண்டு. அங்கிருந்து பின்னோக்கிப் படித்துக்கொண்டு வந்தால் நீங்கள் ஏற்கெனவே படித்த பாடத்தில் வந்து கால் ஊன்றும்.

திருவண்ணாமலையிலோ செய்யாறிலோ அரசு கலைக் கல்லூரியில் படிப்பவருக்கு இந்த வழி இன்னும் பொருந்தும். சென்னையில் வாரம் ஒரு கருத்தரங்கு நடக்கும், சந்தேகம் கேட்க ஆராய்ச்சி மாணவர்கள் இருப்பார்கள். இங்கே பெரும்பாலும் நீங்களும் புத்தகமும்தான். பேச ஆள் இல்லாத இடத்தில் எல்லை தெரியாத பாடம் ஆளைச் சோர்ந்துபோகச் செய்யும். எல்லை தெரிந்த தேற்றம் அப்படிச் செய்யாது.

நான் சொல்லும் தேற்றம் பானாக் வெளிகளைப் பற்றியது. நார்ம் உள்ள, முழுமையான வெக்டர் வெளிதான் பானாக் வெளி. போலந்துக் கணிதர் ஸ்டெஃபான் பானாக் 1932-இல் வெளியிட்ட நூல் இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டது. 1974-இல் வில்லியம் டேவிஸ், டாடியுஷ் ஃபிகியெல், வில்லியம் ஜான்சன், அலெக்சாண்டர் பெவுச்சின்ஸ்கி ஆகிய நால்வரும் ஜர்னல் ஆஃப் ஃபங்ஷனல் அனாலிசிஸ் இதழில் 17 பக்கக் கட்டுரை ஒன்றை எழுதினார்கள். வீக்லி காம்பாக்ட் ஆன எந்த ஆப்பரேட்டரையும் ஒரு ரிஃப்ளெக்ஸிவ் வெளி வழியாகக் காரணிப்படுத்தலாம் என்பது அதன் முக்கியத் தேற்றம்.

அதாவது, ஒரு வெளியிலிருந்து இன்னொரு வெளிக்குப் போகும் ஆப்பரேட்டர் இருக்கிறது. தொடக்க வெளியும் மோசமாக இருக்கலாம், முடிவு வெளியும் மோசமாக இருக்கலாம். ஆனால் ஆப்பரேட்டர் மட்டும் நல்லது: எல்லைக்குள் அடங்கிய தொடர்வரிசை எதைக் கொடுத்தாலும், அதன் பிம்பத்திலிருந்து வீக்காக ஒருங்கும் உட்தொடர்வரிசை ஒன்றை எடுக்க முடியும். அப்படியென்றால் நடுவில் ஒரு வெளியைக் கட்டி, ஆப்பரேட்டரை இரண்டு கட்டமாகப் பிரித்துவிடலாம். நடுவெளியில் அந்த நல்ல குணம் வெளிக்கே இருக்கும். ஆப்பரேட்டரிடம் இருந்த குணத்தை ஒரு வெளியின் குணமாக மாற்றிவிடுகிறோம். பிறகு ரிஃப்ளெக்ஸிவ் வெளிகளைப் பற்றித் தெரிந்த எல்லாமும் அந்த ஆப்பரேட்டருக்கு உதவிக்கு வரும். இதற்கு முன் நிரூபித்த பல தேற்றங்கள் இதனால் சில வரிகளில் முடிந்தன. அந்த வேகம்தான் என்னை இந்தத் தேற்றத்திடம் இழுத்தது.

கிரிவலப் பாதையில் ஒரு பாடம்

தேற்றத்தைக் கையில் பிடித்துப் பார்க்க ஓர் எடுத்துக்காட்டு வேண்டும். கிரிவலப் பாதையையே எடுத்துக்கொள்ளலாம். 14 கிலோமீட்டர். கார்த்திகை தீபத்தன்று அதன் எந்தப் பகுதிக்கும் மூன்று எண்கள் சொல்லலாம்: அங்கே நடக்கிறவர்கள் எத்தனை பேர், எவ்வளவு குடிநீர் வேண்டும், எவ்வளவு குப்பை சேரும். பகுதி என்பது இந்திரலிங்கத்திலிருந்து அக்னிலிங்கம் வரையிலான ஒரே நீட்டமாகவும் இருக்கலாம், ஆங்காங்கே எடுத்த துண்டுகளின் தொகுப்பாகவும் இருக்கலாம். ஒன்றையொன்று வெட்டாத இரண்டு பகுதிகளைச் சேர்த்தால் எண்களும் கூடும். பகுதிக்கு ஓர் எண்ணைக் கொடுத்தால் அது மெஷர். மூன்று எண்களை ஒரு வெக்டராகக் கொடுத்தால் அது வெக்டர் மெஷர்.

இப்போது நகராட்சி அதிகாரி கேட்கிறார்: "பாதையை இரண்டு குழுக்களுக்குப் பிரிக்கணும். ஆட்களிலும் சரிபாதி, தண்ணீரிலும் சரிபாதி, குப்பையிலும் சரிபாதி. முடியுமா?" முடியும். சோவியத் கணிதர் அலெக்ஸி லியாபுனோவ் 1940-இல் நிரூபித்த தேற்றம் அதைத்தான் சொல்கிறது: அணு இல்லாத, முடிவுள்ள பரிமாண வெக்டர் மெஷர் எடுக்கும் மதிப்புகளின் கணம் குவிவானது, மூடியது. வெற்றுக்கணத்தின் மதிப்பும் முழுப் பாதையின் மதிப்பும் அதில் இருப்பதால் இரண்டுக்கும் நடுப்புள்ளியும் அதில் இருந்தே ஆக வேண்டும். மூன்று எண் என்றில்லை, முப்பது எண் கொடுத்தாலும் நடக்கும்.

"அணு இல்லாத" என்ற நிபந்தனையைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ஒரே ஓர் இடத்தில் பெரிய அன்னதானப் பந்தல் இருந்து, மொத்தக் குப்பையில் பாதிக்கு மேல் அங்கேயே சேர்ந்தால், அந்தப் புள்ளி ஓர் அணு. அதை உடைக்க முடியாது. சரிபாதியும் கிடைக்காது. தேற்றத்தைப் படிக்கும்போது ஒவ்வொரு நிபந்தனையையும் எடுத்துவிட்டு எங்கே இடிந்து விழுகிறது என்று பாருங்கள். ஆராய்ச்சி வேலையில் பெரும்பகுதி இந்தப் பழக்கம்தான்.

இந்தத் தேற்றம் வெறும் காகிதக் கணக்கில்லை. பலருக்கு ஒரு பொருளை நியாயமாகப் பங்கிடுவது பற்றி டூபின்ஸும் ஸ்பேனியரும் 1961-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதன்மேல் நிற்கிறது. எண்ணிறந்த வணிகர்கள் கொண்ட சந்தையை ராபர்ட் ஆமன் ஆராய்ந்த வழியிலும் இது வருகிறது. 2005-இல் பொருளாதார நோபல் பெற்ற அதே ஆமன்தான்.

அடுத்த படிக்கு வருவோம். மூன்று எண்களை விட்டுவிட்டு, பாதையின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சார்பை விடையாகக் கொடுங்கள்: பகுதிக்குள் 1, வெளியே 0. மொத்த நீளத்தை 1 என்று வைத்துக்கொண்டால் இந்தச் சார்பு எல்-1 வெளியில் ஓர் உறுப்பு. பகுதிகளைச் சேர்த்தால் சார்புகள் கூடுகின்றன. இதுவும் வெக்டர் மெஷர்தான், ஆனால் மதிப்பெடுப்பது முடிவில்லாப் பரிமாணத்தில். இங்கே சரிபாதி கேட்டால்? பாதை முழுவதும் அரை என்ற மதிப்புள்ள சார்பு வேண்டும். எந்தப் பகுதியும் அதைத் தராது, ஏனென்றால் நம்மிடம் இருப்பது 0-உம் 1-உம் மட்டும். லியாபுனோவ் தேற்றம் ஒரே வரியில் உடைந்துவிட்டது. முடிவில்லாப் பரிமாணத்தில் தம் தேற்றம் நிற்காது என்பதை லியாபுனோவே 1946-இல் காட்டினார்.

1974-ஆம் ஆண்டுத் தேற்றம் இங்கே எப்படி உதவுகிறது? எந்த வெக்டர் மெஷரும் தன்னோடு ஓர் ஆப்பரேட்டரைக் கொண்டுவருகிறது: எல்லைக்குள் அடங்கிய சார்பை அந்த மெஷரில் தொகையிட்டால் வருவது. பார்ட்டில், டன்ஃபோர்டு, ஷ்வார்ட்ஸ் மூவரும் 1955-இல் காட்டியபடி, மெஷர் எண்ணத்தக்க கூட்டல் பண்பு உடையதென்றால் இந்த ஆப்பரேட்டர் வீக்லி காம்பாக்ட். ஆகவே அதை ரிஃப்ளெக்ஸிவ் வெளி வழியாகக் காரணிப்படுத்தலாம். வெக்டர் மெஷரும் அதே வழியில் காரணிப்படும்.

நம் கிரிவல எடுத்துக்காட்டில் நடுவெளியைத் தேடக்கூட வேண்டாம். அதே சார்பை எல்-2 வெளியில் வைத்துப் பார்த்து, பிறகு எல்-1-க்கு அனுப்பினால் போதும். எல்-2 ஹில்பர்ட் வெளி, ரிஃப்ளெக்ஸிவ். அவ்வளவுதான் காரணிப்படுத்தல். இனிமேல்தான் விஷயம் சுவாரசியமாகிறது. பாதையை 100 சமதுண்டுகளாக வெட்டுங்கள். எல்-1-இல் ஒவ்வொரு துண்டின் நார்மும் நூற்றில் ஒன்று, கூட்டினால் 1. எல்-2-இல் ஒவ்வொன்றும் பத்தில் ஒன்று, கூட்டினால் 10. 10,000 துண்டுகளாக வெட்டினால் எல்-1-இல் அதே 1, எல்-2-இல் 100. வெட்ட வெட்ட எல்லையில்லாமல் வளர்கிறது. நல்ல வெளிக்குள் புகுந்ததற்கு விலையாக மெஷர் தன் எல்லைக்குட்பட்ட மாறலை இழந்துவிட்டது.

கெட்டிக்கார மாணவர் உடனே கேட்பார்: எல்-2 பொருத்தமில்லாத தேர்வாக இருக்கலாமே, வேறு ரிஃப்ளெக்ஸிவ் வெளியில் இந்த இழப்பு இல்லாமல் போகலாமே? போகாது. ரிஃப்ளெக்ஸிவ் வெளிகளுக்கு ராடான்–நிகோடிம் பண்பு உண்டு. மாறல் எல்லைக்குள் இருந்தால் அங்கே மெஷருக்கு வகைக்கெழு கிடைக்கும். அதை எல்-1-க்கு அனுப்பினால் அங்கேயும் வகைக்கெழு கிடைத்துவிடும். ஆனால் நம் மெஷருக்கு எல்-1-இல் வகைக்கெழுவே கிடையாது. எனவே எந்த ரிஃப்ளெக்ஸிவ் வெளி வழியாகப் போனாலும் இந்த இழப்பு தவிராது. ஒரு பத்தியில் சொன்ன இந்த வாதத்தை ஒவ்வொரு படியாக நீங்களே எழுதி நிரப்புங்கள். அதை முடித்தவர் இந்தத் துறையின் வாசலைத் தாண்டிவிட்டார் என்றே சொல்வேன். காரணிப்படுத்தும்போது எது தப்பிக்கிறது, எது தொலைகிறது என்ற கேள்வியில்தான் இன்றும் புதிய கட்டுரைகள் வந்துகொண்டிருக்கின்றன.

எதைப் படிப்பது, எந்த வரிசையில்

பின்னோக்கிப் படிக்கும் வழி இது. 1974 தேற்றத்தின் நிரூபணத்துக்கு வீக் டோப்பாலஜி நன்றாகத் தெரிய வேண்டும். கிரெய்ன்–ஷ்முலியன், எபர்லைன்–ஷ்முலியன் தேற்றங்கள் வேண்டும். வெக்டர் மெஷருக்கு இழுத்துவர ஆர்லிச்–பெட்டிஸ் தேற்றம் வேண்டும். இவற்றுக்கெல்லாம் அடியில் ஹான்–பானாக் இருக்கிறது. அதை உங்கள் எம்.எஸ்சி. பாடத்திலேயே படித்திருப்பீர்கள். நடுவெளியைக் கட்டும் விதம் வியக்கவைக்கும் அளவுக்கு எளியது: வீக்லி காம்பாக்ட் கணத்தை ஒவ்வொரு படியிலும் இரட்டிப்பாக்கி, பாதி பாதியாகச் சுருங்கும் பந்து ஒன்றை அதனோடு கூட்டி, படிக்கு ஒன்றாகக் கிடைக்கும் நார்ம்களின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். அந்தக் கூட்டல் முடிவுள்ளதாக இருக்கும் உறுப்புகள்தான் நடுவெளி.

நம் எம்.எஸ்சி. வகுப்புகளில் நெடுங்காலமாகப் புழங்கும் சிம்மன்ஸ் நூல் அழகான நூல், ஆனால் இந்த வேலைக்கு அது மட்டும் போதாது. ஹிந்துஸ்தான் புக் ஏஜென்சி வெளியிட்ட எஸ். கேசவனின் ஃபங்ஷனல் அனாலிசிஸ் நூலை வாங்குங்கள். அதே வரிசையில் வந்த ராஜேந்திர பாட்டியாவின் நூல் வகுப்பில் பேசுவதுபோல எழுதப்பட்டது. ஐஐடி மெட்ராஸில் கற்பித்த எம். தம்பன் நாயரின் நூலும் நல்ல துணை. கேசவனின் வகுப்புகள் என்பிடெல் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வெக்டர் மெஷருக்கு டீஸ்டலும் உல்லும் 1977-இல் எழுதிய நூல்தான் இன்றும் முதல் நூல். அதை ஆரம்பத்திலேயே திறக்க வேண்டாம். மெஷர் தியரியும் வீக் டோப்பாலஜியும் கைவந்த பிறகு திறந்தால் நாவல் போல ஓடும்.

தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் ஆங்கிலத்தை நினைத்துத் தயங்குகிறார்கள். கணித ஆங்கிலம் மிகச் சிறியது. சில நூறு சொற்கள், சில பத்து வாக்கிய அமைப்புகள். நிரூபணத்தை முதலில் தமிழிலேயே யோசித்துத் தமிழிலேயே எழுதிப் பாருங்கள். புரிந்தபின் ஆங்கிலத்தில் எழுதுவது கைப்பழக்கம்.

தேர்வுகளும் பணமும்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். பி.எஸ்சி. படிக்கும்போதே எம்டிடிஎஸ் கோடைப் பயிற்சிக்கு விண்ணப்பியுங்கள். எஸ். குமரேசன் 1993-இல் தொடங்கிய திட்டம் அது. பதிலை ஒப்பிக்காமல் கேள்வி கேட்கக் கற்றுத்தரும் இடம். எம்.எஸ்சி.க்கு ஐஐடிகளில் சேர ஜாம் தேர்வு. சென்னை கணிதவியல் நிறுவனமான சிஎம்ஐக்குத் தனி நுழைவுத் தேர்வு. இங்கேயே எம்.எஸ்சி. படித்தாலும் கெட்டுப்போகவில்லை. பிஎச்.டி.க்குத் தேசிய உயர்கணித வாரியமான என்பிஹெச்எம்மின் தேர்வும் சிஎஸ்ஐஆர் நெட்டும் திறந்தே இருக்கின்றன. ஜேஆர்எஃப் கிடைத்தால் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், மூத்த ஆய்வாளரானதும் 42,000. வீட்டில் "இன்னும் எத்தனை வருஷம் படிப்பே?" என்று கேட்கும் அப்பா அம்மாவிடம் இந்தத் தொகையைச் சொல்லுங்கள். அவர்கள் கவலை நியாயமானது, அதற்கு நேரான பதில் வேண்டும்.

2023 ஜூலையிலிருந்து உதவிப் பேராசிரியர் நேரடி நியமனத்துக்கு நெட், செட் குறைந்தபட்சத் தகுதியாக இருக்கிறது, பிஎச்.டி. கட்டாயமில்லை. அதனால் கல்லூரி வேலை மட்டுமே நோக்கம் என்றால் பிஎச்.டி.க்காக ஐந்தாறு ஆண்டுகளைச் செலவழிக்க வேண்டாம், நெட் எழுதுங்கள். ஐஐடி, ஐசர், ஐஎஸ்ஐ போன்ற இடங்களில் வேலை வேண்டுமென்றால் பிஎச்.டி.யும் அதன்மேல் போஸ்ட்-டாக்கும் வேண்டும், அதுவும் நல்ல இதழ்களில் வந்த கட்டுரைகளோடு. இரண்டும் கௌரவமான பாதைகள். எது என்று முன்கூட்டியே முடிவெடுக்காமல் இழுப்பதுதான் ஆண்டுகளைத் தின்னும்.

கைடு தேடுவது

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இது. இடத்தின் பெயரைப் பார்த்து கைடைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அவருடைய கடைசி ஐந்தாண்டுக் கட்டுரைகளைப் பாருங்கள். இசட்பி-மேத் ஓப்பன் தளம் 2021 முதல் எல்லோருக்கும் இலவசம். பெயரைப் போட்டால் பட்டியல் வந்துவிடும். ஆர்க்கைவ் தளத்தில் கட்டுரைகளையே படிக்கலாம். அவருடைய மாணவர்கள் எங்கே இருக்கிறார்கள், எத்தனை ஆண்டில் முடித்தார்கள், பேராசிரியர் பெயர் இல்லாமல் மாணவர் தனியாகக் கட்டுரை எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். பணம் வாங்கிக்கொண்டு ஒரு வாரத்தில் கட்டுரை போடும் இதழ்களில் பெயர் நிறைந்திருந்தால் விலகிக்கொள்ளுங்கள். கைடுக்கு முன்னால் ஆமாம் போடுகிற மாணவராக நான்கு ஆண்டு இருப்பது கணிதத்துக்கே ஒவ்வாது. கேள்வி கேட்டால் மகிழ்கிற ஆசிரியரைத் தேடுங்கள், அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

மின்னஞ்சல் எழுதும்போது "உங்களிடம் சேர ஆர்வமாக இருக்கிறேன், விவரக் குறிப்பு இணைத்துள்ளேன்" என்று மட்டும் எழுதினால் பெரும்பாலும் பதில் வராது. அவருடைய ஒரு கட்டுரையின் ஒரு துணைத்தேற்றத்தை எடுத்து, இந்த நிபந்தனையை விட்டால் இன்ன எடுத்துக்காட்டு குறுக்கே வருகிறது, நான் நினைப்பது சரியா என்று பத்து வரியில் கேளுங்கள். தவறாகவே இருந்தாலும் பரவாயில்லை. படித்திருக்கிறீர்கள் என்பது தெரிந்துவிடும்.

சிற்றூரிலிருந்து இதெல்லாம் ஆகிற காரியமா என்று கேட்பவர்களுக்கு எம்.எஸ். நரசிம்மனின் கதையைச் சொல்ல வேண்டும். 1932-இல் பிறந்தவர். குடும்பம் வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. 1989-இல் தனி மாவட்டமாகும் வரை திருவண்ணாமலையும் அதற்குள்தான் இருந்தது. கிராமப்புறப் பள்ளிப் படிப்பு, பிறகு சென்னை லயோலா கல்லூரி. அங்கே பிரெஞ்சு யேசு சபைத் துறவியும் எலீ கார்த்தானிடம் கணிதம் பயின்றவருமான சார்ல்ஸ் ரசின் அவருக்கு ஆசிரியர். 1953-இல் பம்பாய் டாடா ஆய்வு நிறுவனம். அதன்பின் பாரிஸில் லோரான் ஷ்வார்ட்ஸோடு பழக்கம். நான்ஸியில் இளைஞராக இருந்த க்ரோத்தெண்டீக்கிடம் ஃபங்ஷனல் அனாலிசிஸ் கேள்விகளைக் கொடுத்து அவரைக் கணித உலகுக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் அதே லோரான் ஷ்வார்ட்ஸ். வீக்லி காம்பாக்ட் ஆப்பரேட்டர்களைப் பற்றி 1953-இல் க்ரோத்தெண்டீக் எழுதிய கட்டுரை நம் தேற்றத்துக்கு நேர் முன்னோடி. நரசிம்மன் பானாக் வெளிக்காரர் அல்லர். அவருடைய பெயர் சொல்லும் வேலை சி.எஸ். சேஷாத்ரியோடு 1965-இல் நிரூபித்த வடிவகணிதத் தேற்றம். ஆனால் வட ஆர்க்காட்டுக் குடும்பத்துப் பையன் ஒருவர் நல்ல ஆசிரியர்கள் வழியாக உலகக் கணிதத்தின் நடுவே போய் நின்றார். ஊரைவிட ஆசிரியரின் கையில் அதிகம் இருக்கிறது என்று நான் சொல்வதற்கு அதுதான் ஆதாரம்.

இன்று ரசின் இல்லை. அந்த இடத்தை உங்களில் மூன்று பேர் சேர்ந்து ஓரளவு நிரப்பலாம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, வகுப்பு முடிந்தபின் காலி அறை ஒன்று, ஒரு கரும்பலகை. ஒருவர் நிரூபணம் சொல்ல வேண்டும், கையில் தாள் கூடாது, மற்ற இருவர் ஒவ்வொரு வரியிலும் "ஏன்?" என்று கேட்க வேண்டும். துறைத் தலைவரிடம் அனுமதி கேளுங்கள், பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

முதல் கூட்டத்துக்கு ஒரு கணக்குத் தருகிறேன். தனிமதிப்புகளின் கூட்டல் முடிவுள்ளதாக இருக்கும் தொடர்வரிசை ஒன்றை எடுத்து, அதன் பகுதிக் கூட்டல்களின் தொடர்வரிசையாக மாற்றுங்கள்: முதல் உறுப்பு, முதல் இரண்டின் கூட்டல், முதல் மூன்றின் கூட்டல், இப்படியே. இந்த ஆப்பரேட்டர் வீக்லி காம்பாக்ட் இல்லை என்று காட்டுங்கள். பிறகு லிண்டென்ஸ்ட்ராஸும் பெவுச்சின்ஸ்கியும் 1968-இல் நிரூபித்ததைத் தேடிப் படியுங்கள்: வீக்லி காம்பாக்ட் இல்லாத எந்த ஆப்பரேட்டரை எடுத்தாலும் இந்தக் கூட்டல் ஆப்பரேட்டர் அதன் வழியாகக் காரணிப்படும். இரண்டாவது கூட்டத்தில் அதன் நிரூபணத்தைப் பலகையில் போட உங்களில் ஒருவர் இப்போதே பெயர் கொடுத்துவிடுங்கள்.